சூடு ஆறாத செயின்

'சலக்' என்று ஒரு சத்தம் கேட்டால் பெரியப்பா சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். கையைக் கழுவிக்கொண்டு வந்து, தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு, இடது கையை ஒருமுறை காற்றில் உதறுவார்; புறங்கைக்கு வழிந்து வந்திருந்த அந்தக் கனமான ஸ்டீல் செயின் வாட்ச் திரும்பவும் மணிக்கட்டுக்கு மேலே ஏறி உட்காரும். வளையல் சத்தம் போல் இலேசாக இருக்காது, சாவிக்கொத்து போல் முரடாகவும் இருக்காது. ஈரக் கூழாங்கற்கள் இரண்டு ஒன்றோடொன்று உரசினால் வருமே, அப்படி ஒரு குளிர்ந்த சத்தம். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன், எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தைப் பற்றி என் பிள்ளைகளுக்கும் அவர்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலம் அது. எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அப்பா காட்டில் வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டார், பெரியப்பா வளைகுடா நாட்டில் ஒரு பணக்காரர் வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த அரபிக்காரர் தான் கட்டிப் பழகிய வாட்ச் ஒன்றைக் கழற்றி இவருக்குக் கொடுத்துவிட்டாராம். கடலுக்குள் முங்கி விளையாடுகிறவர்கள் கட்டுகிற வகை, கார் விலை என்று பெரியப்பா சொல்வார். ஊரில் அப்போது இருந்ததெல்லாம் தோல் பட்டை வைத்த சாவி வாட்ச்சுகள், வேர்வை பட்டால் பட்டை நாறும். இதன் செயினோ பாம்பின் வயிறு மாதிரி இருந்தது. பக்கக் கண்ணிகள் மங்கலாக, நடுக்கண்ணிகள் கண்ணாடி போலப் பளபளப்பாக, வாட்ச் எங்கே முடிகிறது செயின் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஓடிவந்து மறுபக்கம் சேரும். சேருகிற இடத்தில் கொக்கியும் தெரியாது. இரண்டு ஓரத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் வாய் பிளக்கும். அரபிக்காரர் பருத்த கைக்காரர் என்பதால் சில கண்ணிகளைக் கழற்றி எடுத்துத்தான் பெரியப்பா கட்டிக்கொண்டார். எடுத்ததில் ஒன்றை எனக்கு விளையாடக் கொடுத்தார்.

அந்த வாட்ச்சுக்குச் சாவி கிடையாது, பேட்டரியும் கிடையாது. அப்புறம் எப்படி ஓடுகிறது என்று அப்பா கேட்டார்.

"நாடியில ஓடுது," என்றார் பெரியப்பா, முகம் மாறாமல்.

"நெசமாவா?"

"கழட்டி வெச்சிப் பாரு. கை இல்லன்னா செத்துப்போவும்."

கழற்றி மாடத்தில் வைத்தார்கள். ஒரு நாள் ஓடியது, மறுநாள் நின்றுவிட்டது. பெரியப்பா எடுத்துக் கட்டிக்கொண்டதும் மறுபடி ஓடியது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். விஷயம் ஊர் முழுக்கப் பரவி, ஆள் ஆளாக வந்து கட்டிப் பார்த்தார்கள். எங்கள் பங்காளித் தாத்தா ஒருவர் கட்டிக்கொண்டு முள்ளையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "எனக்கும் ஓடுதுடா. ஒரு நாளைக்குக் குடு, எங்கூட்டுக்காரிகிட்ட காட்டிட்டு வரேன், நான் உசுரோட இருக்கறத அவ கண்டுக்கறதே இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தோம். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. வேடிக்கை பேசும்போது அவர் சிரிக்கமாட்டார், அதனாலேயே அவர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள்.

உண்மை என்னவென்றால், அந்த மாதிரி வாட்ச்சுக்குள் அரைநிலா வடிவத்தில் ஒரு தகடு இருக்கும். கை அசைய அசைய அது சுழன்று சுருள்வில்லை முறுக்கிவிடும். அசைவு நின்றால் கொஞ்ச நேரம் ஓடி, முறுக்கு தீர்ந்ததும் நின்றுபோகும். நாடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது.

லீவு முடிந்து போன பெரியப்பா அங்கே ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். ஆணி அடித்து, தகரம் வைத்து மூடிய பெட்டியாக ஊருக்கு வந்தார். சென்னையில் இருந்து வேனில் வந்தது பெட்டி. முகம் பார்க்கிற மாதிரி இல்லை, திறக்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூட வந்தவர் செல்வம் என்று ஒருவர், பெரியப்பாவோடு தங்கியிருந்தவர், எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அழுகை சற்று ஓய்ந்ததும் அவர் சட்டையின் உள்பையில் இருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்துப் பெரியம்மாவின் கையில் வைத்தார்.

பெரியம்மா பிரித்தாள். செயின் பூட்டியபடியே வட்டமாக நின்றது, உள்ளே ஒரு கை இருப்பது போல. கண்ணிகளுக்கு நடுவே பெரியப்பாவின் கை முடி ஒன்று மாட்டியிருந்தது. பெரியம்மா வட்டத்துக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டாள்.

"சூடா இருக்குது," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் வாட்ச்சைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். விநாடி முள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"நாடி ஓடுது. கைச்சூடு ஆறல. அந்தப் பெட்டியில இருக்கறது வேற யாரோ."

செல்வம் தலையைக் குனிந்துகொண்டார். பெட்டியை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். பெரியம்மா வீட்டு வாசலைத் தாண்டவில்லை. யாரோ ஒருவர் சாவுக்கு வந்திருப்பவள் போல, வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

வாட்ச்சை அவளே கட்டிக்கொண்டாள். பெரியப்பா ஒல்லியான கைக்காரர்; பூட்டிய செயின் அவள் மணிக்கட்டில் கண்ணாடி வளையல்களுக்கு மேலே இன்னொரு வளையல் போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டில் அந்தச் சத்தம் திரும்பி வந்தது. 'சலக்.' சமையற்கட்டில் அம்மா குழம்பை இறக்கிக்கொண்டிருப்பாள், உள்ளறையில் இருந்து வரும். அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும். என் உடம்போ தானாகவே பெரியப்பா உட்காரும் இடத்தின் பக்கம் திரும்பும், அங்கே தட்டு இருக்கும், சோறும் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். பெரியம்மா எதிரே உட்கார்ந்து இடது கையை அவரைப் போலவே உதறிக்கொண்டிருப்பாள். அப்பா உட்பட எங்களில் யாரும் அந்தச் சத்தத்துக்குப் பிறகு உள்ளறைக்குள் தனியாகப் போவதில்லை.

காரியம் செய்ய வேண்டிய நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குத்தான் பெண்கள் கூடி, புருஷனை இழந்தவளின் கண்ணாடி வளையலை உடைப்பார்கள். மூத்தவளான பங்காளி வீட்டு ஆத்தா பெரியம்மாவின் கையைப் பிடித்தாள்.

"கை மூளியா இருக்கணும்டி. மொதல்ல அந்த இரும்ப எடு."

"இது வளையல் இல்லீங்க ஆத்தா. வாட்ச்சு."

"எதா இருந்தா என்ன, எடு."

"புருசன் நாடி ஓடறப்ப வளையல ஒடச்சா அது கொலைங்க."

ஆத்தாவே எண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தாள். விரல் முட்டியைத் தாண்டி வரவில்லை. கொக்கியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கூடியிருந்த பெண்களில் இரண்டு ஓரத்தையும் அழுத்தத் தெரிந்தவள் பெரியம்மா ஒருத்திதான். அவள் கையை அவர்களிடமே விட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வழியும் செயினில் முள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆத்தா கையை எடுத்துக்கொண்டு, "ஒடைக்கறவ கை நடுங்கக் கூடாது, எனக்கு நடுங்குது, நான் வரல" என்று எழுந்து போய்விட்டாள். அப்பா எவ்வளவோ கெஞ்சியும் காரியம் தள்ளிப்போனது. காரியம் முடியாத வரைக்கும் பங்காளி வீடுகளில் நல்லது ஒன்றும் வைக்க முடியாது. வருகிறவர்கள் குறைந்தார்கள்.

அதைவிடக் கவலை, பெரியம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அவுரு வரட்டும், சேந்து சாப்புடறேன்" என்பாள். பிறகு அதையும் சொல்லவில்லை. பாயில் மல்லாந்து படுத்து, இடது கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். வாயில் ஊற்றிய கஞ்சித்தண்ணி ஓரமாக வழிந்தது. இப்படியே விட்டால் இன்னொரு பெட்டிதான் என்று அப்பா அம்மாவிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

ஒரு பகல் வேளையில் அம்மா சோளம் புடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று முறத்தை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"சத்தம் கேட்டு எவ்ளோ நேரமாச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கும் நினைவில்லை. நேற்றும் கேட்கவில்லை. அம்மா உள்ளே ஓடினாள், பின்னாலேயே நானும் போனேன். பெரியம்மா அசையாமல் கிடந்தாள். நெஞ்சின் மேல் கை. கையில் செயின். முள் நின்றிருந்தது.

அம்மா போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. ஆத்தாவும் வந்தாள். எல்லாருக்கும் ஒரே பார்வை, வாட்ச்சின் மேல். மூக்கில் விரல் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை; நாடி நின்றுவிட்டதைத்தான் எல்லாரும் கண்ணால் பார்த்தாயிற்றே. ஒப்பாரி தொடங்கியது. அந்த ஒப்பாரிக்கு நடுவில் பெரியம்மா கண்ணைத் திறந்தாள்.

"எதுக்குடி அழுவற?" என்று அம்மாவைக் கேட்டாள்.

ஒப்பாரி பாதியில் அறுந்தது. அம்மா கையை நீட்டிக் காட்டினாள். "அக்கா, வாட்ச்சு நின்னுபோச்சிக்கா."

பெரியம்மா கையைத் தூக்கி முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். தூக்கிய அசைவில் முள் விழித்துக்கொண்டு ஓடியது. அவள் கையை மறுபடி நெஞ்சில் வைத்து அசையாமல் பார்த்தாள். கொஞ்சம் ஓடி நின்றது. வலது கை விரல்களை இடது கையில் வைத்துத் தன் நாடியைத் தானே பிடித்தாள். நின்ற முள்ளையே பார்த்துக்கொண்டு, விரலுக்கடியில் துடிப்பதையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அப்புறம் செயினைத் தொட்டாள்.

"சூடாத்தான் இருக்குது," என்றாள். "எஞ்சூடு."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ கணக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்: "செல்வம் அத்தன தூரம் பையில போட்டுக் கொண்டாந்தான். வண்டி குலுங்குனதுல ஓடியிருக்குது. அவன் நெஞ்சுச் சூடு ஏறியிருக்குது. அவ்வளவுதான்."

இரண்டு ஓரத்தையும் அழுத்தினாள். செயின் வாய் பிளந்தது. மணிக்கட்டில் கண்ணிகள் ஒவ்வொன்றும் அச்சடித்தது போலப் பதிந்திருந்தன. வாட்ச்சை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆத்தாவின் பக்கம் கையை நீட்டினாள்.

"இப்ப ஒடைங்க."

பிள்ளைகளே, அவள் உயிரோடு இருந்ததுதான் அவர் இறந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. அதை நான் அன்றைக்குப் புரிந்துகொள்ளவில்லை. ஆத்தா உடைத்தாள், அவள் கை நடுங்கவில்லை. அன்று மாலை பெரியம்மா கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

தீட்டுக் கழிக்கப் பாத்திரங்களோடு செயினையும் அம்மா புளி போட்டுத் தேய்த்தாள். கண்ணிகளின் இடுக்கில் இருந்து கறுப்பாக அழுக்கு கரைந்து வந்தது, பெரியப்பாவின் வேர்வையும் தோலும். பெரியம்மா அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடவில்லை. சொம்பில் ஏந்திக்கொண்டு போய்க் கொல்லை மாமரத்தின் அடியில் ஊற்றினாள். அந்த மரத்துப் பழத்தை நாங்கள் எல்லாரும் தின்றோம். அவள் மட்டும் ஒருநாளும் தின்றதில்லை.

இப்போது அந்த மரம் இல்லை, ரோடு அகலமானபோது போய்விட்டது. அந்த வீடும் இல்லை. எங்கள் பங்காளிகளில் இப்போது யாரும் வளையல் உடைப்பதில்லை, அது போனது நல்லதுதான். தருமபுரியில் எங்களோடு இருக்கிற பெரியம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. பெரியப்பாவின் வாட்ச் என் பீரோவில் கிடக்கிறது. பீரோ கதவு இறுகிப்போனது, இழுத்துத்தான் திறக்க வேண்டும். அந்த அதிர்வில் முள் சற்று ஓடி நிற்கும். நான் பார்க்காதது போல வேட்டியை எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன்.

போன வாரம் என் மகள் புதிதாக ஒரு வாட்ச்சோடு வந்தாள். அதற்கும் ஸ்டீல் செயின்தான், ஆனால் காகிதம் போல எடையில்லாதது. அடியில் பச்சையாக ஒரு வெளிச்சம் மினுக்குகிறது. அது நிஜமாகவே நாடி பார்க்கிறது. "ஆயா, கைய நீட்டுங்க" என்று பெரியம்மாவின் கையில் மாட்டினாள். எண் ஒன்று வந்தது. "இதுதான் ஆயா உங்க நாடி," என்று காதருகில் சத்தமாகச் சொன்னாள். பெரியம்மா தலையை ஆட்டினாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு மகள் அதைக் கழற்றி, கட்டிலில் சுருட்டி வைத்திருந்த துண்டின் மேல் மாட்டி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். பச்சை வெளிச்சம் அணையவில்லை. துண்டைச் சுற்றியிருந்த வாட்ச் ஏதோ தேடுவது போல மினுக்கியது, அப்புறம் ஒரு எண்ணைக் காட்டியது. எண் கூடியது, குறைந்தது. துண்டுக்கு நாடி ஓடியது.

திரும்பி வந்த மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சில நேரம் இப்படித்தாம்பா தப்பா காட்டும், வெளிச்சத்துல ஏமாந்துடும்," என்றாள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துடு கண்ணு," என்றாள் மெல்ல. "இன்னொரு தரம் என்னால ஆவாது."

மகள் எடுத்துக்கொண்டு போன பிறகு, பெரியம்மா தன் இடது கையைத் தூக்கி ஒருமுறை காற்றில் உதறினாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் எதுவும் வரவில்லை.