மூன்றாம் நம்பர் விஸ்கி

துரைக்கு மூக்கு வேலை செய்யாது என்பது மைசூரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் துரை. இன்னொருவன் நான்.

அவர் வெளிநாட்டு ஒயினும் விஸ்கியும் டின் பண்டங்களும் விற்கும் கடை வைத்திருந்த ஆங்கிலேயர். குடகுத் தோட்டக்காரர்களும் ஊரில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர்களும் அவர் கைகாட்டும் சரக்கைத்தான் வாங்குவார்கள். ஒரு விஷக்காய்ச்சலில் படுத்து எழுந்தபோது அவருக்கு வாசனை போய்விட்டது. வாசனை போனால் ருசியும் போய்விடும் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் அங்கே குமாஸ்தா. தபாலில் சாம்பிள் வந்தால் பின்னறையில் நான் முகர்ந்து, வாயில் விட்டுச் சுழற்றி, படிக்கத்தில் துப்பிவிட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். துரை அதை மனப்பாடம் செய்துகொண்டு வாடிக்கைக்காரர்களிடம் சொல்வார். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு சொட்டுகூட நான் விழுங்கியதில்லை. என் மாமனார் சபையில் உபதேசியார். என் மனைவியின் அண்ணன் சாராயத்தில் செத்துப்போனவர். அதனால் நிச்சயத்தன்று வேதபுத்தகத்தின் மேல் கைவைத்து, குடிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். துப்புவது குடிப்பதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அதை மனைவியிடம் சொல்லவில்லை. சட்டையில் வாடை அடிக்கிறதே என்று கேட்டால், கடையில் பாட்டில் உடைந்தது என்பேன். வருஷத்துக்கு எத்தனை பாட்டில்தான் உடையும்?

ஸ்காட்லாந்துக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட் ஒரு நாள் காலை நேரில் வந்துவிட்டார். அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக வடிசாலை கிடையாது. நாலைந்து வடிசாலைகளிலிருந்து மால்ட் விஸ்கியை வாங்கி, கலந்து, ஷெர்ரி என்கிற ஸ்பெயின் தேசத்து ஒயின் இருந்த பீப்பாய்களில் வருஷக்கணக்கில் ஊறவிட்டு, தங்கள் லேபிளை ஒட்டி விற்பார்கள். மனிதர் பெட்டியைத் திறந்து, நம்பர் மட்டும் எழுதிய நான்கு பாட்டில்களை மேஜைமேல் வைத்தார். அங்கேயே ஊற்றினார். சீட்டு எழுத அவகாசமில்லை.

துரை முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்விட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் மூக்குக்கும் வாடை எட்டியது. நான் லேசாகத் தலையாட்டினேன். "நல்ல சரக்கு," என்றார். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவது கிளாஸில் ஏஜெண்ட் சிரித்துவிட்டார்.

"ஒவ்வொரு தடவையும் உங்கள் குமாஸ்தாவை எதற்குப் பார்க்கிறீர்கள்? அவரே சொல்லட்டுமே."

துரை வேறு வழியில்லாமல் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. என் வார்த்தைகள் ஐந்து வருஷமாக இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றவன். இரண்டு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். நான் முடிக்கவில்லை. மூன்றாம் நம்பரில் கறுப்புத் திராட்சை வற்றலும் கிராம்பும் இருக்கிறது என்றேன். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் குடகு ஆரஞ்சுத் தோலும், பாகு முறுகிய வெல்லமும் மேலே வருகிறது என்றேன். இதில் கலந்திருப்பவற்றில் ஒன்று நன்றாக வயதானது, இன்னொன்று இளசு, இளசின் காரத்தைப் பெரியது அடக்கி வைத்திருக்கிறது என்றேன். நாலாம் நம்பரை முகர்ந்துவிட்டு, "இது வேண்டாம். பீப்பாயில் கந்தகம் ஏறியிருக்கிறது, தீக்குச்சி கிழித்த வாடை," என்றேன்.

ஏஜெண்ட் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். "எங்கள் ஊரிலேயே இப்படி ஒரு மூக்கை இரண்டு பேரிடம்தான் பார்த்திருக்கிறேன்."

துரையும் சிரித்தார். அவர் காதுமடல் சிவந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

மறுவாரம் அவர் நாலாம் நம்பருக்கு ஆர்டர் போட்டார். "துரை, அது கெட்ட பீப்பாய்," என்றேன். "கடை என்னுடையது," என்றார்.

மழைக்காலத்தில் சரக்கு வந்தது. ஒரு மாதத்திற்குள் பாட்டில்கள் திரும்பத் தொடங்கின. ஒரு தோட்டக்காரர் கடை நடுவில் நின்று, இதைக் குதிரைக்குக்கூடத் தேய்க்க முடியாது என்று கத்தினார். துரை என்னைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தேர்வு செய்தது இவன். நம்பி விட்டேன். பின்னறையில் குடித்துக்கொண்டிருப்பான் என்று நான் கண்டேனா?"

அன்றைக்கே வேலை போயிற்று. கையில் கொடுத்த கடிதத்தில், குடிப்பழக்கத்தின் காரணமாக நீக்கப்படுகிறான் என்று டைப் அடித்திருந்தது.

"நான் குடித்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்," என்றேன்.

"எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?"

சபையில் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், படிக்கம் முதற்கொண்டு. அவள் அழவில்லை.

"இத்தனை வருஷம் பாட்டில் உடைஞ்சுதுன்னு சொன்னீங்களே, அது பொய்தானே?"

"ஆமா."

"அப்போ இது மட்டும் நிஜம்னு எப்படி நம்பறது?"

ஏஜெண்டுக்கு எழுதுகிறேன், அவர் சாட்சி சொல்வார் என்றேன். அவருடைய கம்பெனியின் பம்பாய் விலாசத்துக்கு நாலு பக்கம் எழுதினேன். அவளும் காத்திருந்தாள். அந்த ஆறு வாரமும் எனக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள். தினமும், "தபால் வந்துதா?" என்று அவளே கேட்டாள். என்னை நம்ப அவளுக்கு ஆசை இருந்தது. அதை இப்போது நினைத்தால்தான் வலிக்கிறது.

பதில் வந்தபோது நான் வேலை கேட்டு வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால் மேஜைமேல் வைக்கோல் சுற்றிய பார்சல் பிரிந்து கிடந்தது. உள்ளே ஒரு பாட்டில். மூன்றாம் நம்பர். கூடவே இங்கிலீஷில் ஒரு சீட்டு.

"படிங்க," என்றாள்.

படித்துத் தமிழில் சொன்னேன். உங்கள் துரை எங்களுக்கு நல்ல வாடிக்கைக்காரர், இந்த விஷயத்தில் நான் தலையிடுவதற்கில்லை, உங்கள் மூக்கை நான் மறக்கவில்லை என்பதற்கு அடையாளமாக இதை அனுப்புகிறேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நீங்க குடிக்கிறதில்லைன்னு ஒரு வரி?"

"இல்லை."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். "குடிக்காதவனுக்கு யாராவது சாராயம் அனுப்புவாங்களா?"

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. மூடியைத் திருகினேன். பட்டப்பகலில், சமையலறை டம்ளரில் ஊற்றி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாய் விழுங்கினேன். முதல் தடவை. வாயில் சுழற்றித் துப்பும்போது தெரியாத ஒன்று விழுங்கியபிறகு தெரிந்தது. திராட்சையும் வெல்லமும் தொண்டையோடு நின்றுவிட்டன. நெஞ்சுக்குள் சூடு இறங்கியபின் நாக்கின் அடியில் வாதுமைத் தோல் மாதிரி ஒரு கசப்பு வந்து உட்கார்ந்தது. அது போகவில்லை. அதைவிட அருமையான விஸ்கியை நான் முகர்ந்ததே இல்லை. அந்த நேரத்திலும் அது எனக்குத் தெரிந்தது என்பதுதான் வெட்கம்.

அவள் சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு கொள்ளேகாலத்தில் இருந்த அப்பா வீட்டுக்குப் போனாள். மிச்சத்தை நான் சாக்கடையில் கொட்டினேன். அதைப் பார்க்க யாரும் இல்லை.

நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். மன்னித்து அல்ல, உபதேசியார் வீட்டில் வாழாவெட்டியாக இருப்பதைச் சபை பேசியது. அதற்குள் எனக்குக் குண்டலுபேட்டையில் ஒரு மரம் டிப்போவில் எழுத்து வேலை கிடைத்திருந்தது. நற்சான்று கேட்காத முதலாளி அவர் ஒருவர்தான். துரை கடையை நல்ல விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார் என்றும், பிரிவு விருந்தில் அவருடைய நாக்கைப் புகழ்ந்து பேசினார்கள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

குண்டலுபேட்டையில் பதினெட்டு வருஷம் சேர்ந்து இருந்தோம். அந்த விஷயத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் எடுத்தாள். மகள் கல்யாணமாகிப் போன மறுமாதம், அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்குக் குடிச்சீங்களே, நல்லாவா இருந்தது?"

"இருந்தது."

"அதுக்கு முன்னாடி நிஜமாவே குடிச்சதில்லையா?"

"இல்லை."

கையிலிருந்த தோலை முறத்தில் போட்டாள். பிறகு அடுப்பில் உலை கொதிக்கிறது என்று எழுந்து போனாள். நம்பினாளா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.