அப்பாவின் காதை நான் அளந்த சனிக்கிழமை

அந்த அட்டையை வெட்டியது நான்தான். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் ஒரு பக்கம். ஓரம் பிசிறில்லாமல் வர வேண்டுமென்று ஸ்கேல் வைத்து, பிளேடால் மெதுவாக அறுத்தேன். காதைப் பரிசோதிப்பவரின் கையை, பரிசோதனைக்கு உட்காருபவர் பார்க்கக் கூடாது என்பது பேராசிரியை சொல்லிக்கொடுத்த விதி. கை அசைவதைப் பார்த்துவிட்டால் கேட்காத ஒலியையும் கேட்டதாகச் சொல்லிவிடுவார்களாம். அதனால் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். மற்ற குழுக்கள் அதை மறந்துவிட்டன, எங்கள் குழு மறக்கவில்லை. அன்று அதில் எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைப்பாக்கத்திலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அறிவியல் செய்து பார்க்கச் சொல்வார்கள். எங்கள் பள்ளியில் நுண்ணோக்கி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. அங்கேயோ எதையும் தொடலாம், திருப்பலாம், கழற்றிக்கூடப் பார்க்கலாம். எனக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. படித்தால் இயற்பியல்தான் என்று வீட்டில் எல்லோர் காதும் புளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆய்வக வாசலில் பேனர் ஒன்று தொங்கும். செலவை ஏற்றுக்கொண்ட கம்பெனியின் பேனர். அது எங்கள் அப்பா வேலை செய்த கம்பெனி. பஸ்ஸில் வரும் பெண்களிடம் நான் அதைச் சொல்லாத வாரம் இல்லை.

அப்பா அங்கே பிரஸ் ஷாப்பில் இருந்தார். இரும்புத் தகட்டை அடித்து கார் கதவாக்கும் இடம். பதினான்கு வருடம் ஒப்பந்தத் தொழிலாளிதான். வீட்டில் அதிகம் பேச மாட்டார். யார் பேசினாலும் எதிரில் போய் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பார். எவ்வளவு பொறுமையான மனுஷன் என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது, அவர் உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார் என்பது அம்மாவுக்கும், கூட வேலை செய்த இரண்டு பேருக்கும் மட்டுமே தெரியும். கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து காதைச் சோதிப்பாராம். பட்டனை அழுத்தும் நர்ஸின் கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்தே அப்பா கையைத் தூக்குவார். காது சரியில்லை என்று எழுதிவிட்டால் அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் இருக்காது. இதில் ஒரு வார்த்தைகூட அன்று எனக்குத் தெரியாது.

கடைசிச் சனிக்கிழமை பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். சிறப்பு விருந்தினர் அவருடைய கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி.

"அப்பா, வாப்பா. உன் காதப் பாக்கலாம்."

அவர் ஹெட்போனைப் பார்த்தார். தடுப்பைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நான் எதுக்கு பாப்பா? வேற யாருனா ஒக்கார வையேன்."

"ரெண்டே நிமிஷம்பா. எல்லாரும் பாக்கறாங்க."

உட்கார்ந்தார். நான் குமிழைத் திருப்பினேன். கீச்சென்ற ஒலி கொடுத்தபோது அவர் கை அசையவில்லை. கொடுக்காதபோது தூக்கினார். மறுபடி தூக்கினார். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து, கண்டிப்பாக மூன்று முறை அளந்தேன். வரைபடத்தில் கோடு சற்றுத் தூரம் ஒழுங்காகப் போய், நாலாயிரம் ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கியது. யாரை அளந்தோம் என்ற விவரம் இல்லாவிட்டால் அளவுக்கு மதிப்பில்லை என்பதும் பாடம். அப்பாவின் பெயர், வயது, வேலை, பிரிவு, எத்தனை வருடம் என்று எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

பேராசிரியை பூரித்துப்போனார். இயந்திர இரைச்சலில் வருடக்கணக்காக நிற்பவர்களின் காதில்தான் இந்தப் பள்ளம் விழும் என்று விளக்கி, விருந்தினரைக் கூப்பிட்டுக் காட்டினார். இது யார், எங்கே வேலை என்று விருந்தினர் என்னிடம் கேட்டார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வரைபடத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, "வெரி குட்" என்று கைகொடுத்தார். முதல் பரிசு எங்கள் குழுவுக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் அப்பா மட்டும் மற்றவர்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்.

அடுத்த ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று கான்ட்ராக்டர் சொன்னார். காதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் காதைக் கெடுத்தது எது என்றும் பேச வேண்டிவரும். ஒரகடத்தில் அப்பா ஏறி இறங்காத கம்பெனி கேட் இல்லை. எல்லா இடத்திலும் மருத்துவச் சோதனை. ஏன் அப்பா வீட்டிலேயே இருக்கிறார் என்று நச்சரித்த ஒருநாள் அம்மா உடைத்துவிட்டாள்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினு கீதுடி உங்கப்பா. நீ அன்னிக்கு மாட்டி வெச்சதுதான் எல்லாம்."

அடுத்த வருடம் அந்த நிகழ்ச்சியில் காதுச் சோதனையை எடுத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தில் பல்பு எரிய வைத்தார்களாம். நான் போகவில்லை. பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்தேன். கணக்கு வராது என்று பொய் சொன்னேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது நான் ஒரு லாரி அலுவலகத்தில் பில் போடுகிறேன். அப்பா வடக்குப்பட்டில் ஒரு ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்கிறார். தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் தங்குமிடம். கெட்ட பையன்கள் இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கிக்கொடுத்தவர்கள். ஆனால் பொழுதுபோகாவிட்டால் அவர் முன்னால் நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். அவரும் தலையாட்டிச் சிரிப்பார். போன மாதம் அதை நேரில் பார்த்தேன். ஓங்கி ஓர் அறை விடத் தோன்றியது. யாரை என்றுதான் தெரியவில்லை.

பையன்கள் மாடிக்குப் போனதும், பதினோரு வருடமாக வாயில் வராத கேள்வியை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். 'அன்னிக்கு ஏம்பா ஒக்காந்த? மாட்டேன்னு எழுந்து போயிருக்கலாமே?'

விரல் வைத்துப் படித்தார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. தெருவுக்கே கேட்டது.

"ஒக்காரும்போதே தெரியும் பாப்பா, வேல பூடும்னு. நீ அத்தினி பேரு முன்னாடி நின்னுகினு கீற. பெத்த அப்பனே மாட்டேன்னுட்டா உனுக்கு அசிங்கமா பூடாது? நீ சயின்ஸ் படிக்கப் போற பொண்ணு, இதுக்குப் போய் தடுப்பானேன்னு ஒக்காந்தேன்."

மாடியிலிருந்து பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, இதையாவது கேட்டுவிடுவோம் என்பதுபோல, என் உதட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"நீ ஏம்மா படிக்கல?"