கோட்டை பார்க்கிற சாக்கில் தேவனாம்பட்டினம்

பொங்கல் கழிந்த வாரத்தில், ஒரு புதன்கிழமை, கிள்ளையிலிருந்து நானும் என் மச்சான் கோதண்டமும் தேவனாம்பட்டினத்துக்குக் கிளம்பினோம். கடலூரை ஒட்டின ஊர் அது. வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டை ஒன்று அங்கே இடிந்து கிடக்கிறது. கேட்பவர்களுக்கு அதைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் என் பேத்தி சங்கீதாவுக்கு அந்த ஊரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் முதுநகரில் படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறான். தொழில் நல்லது, குடும்பம் நல்லது என்றார்கள். ஆனால் போன வருடம் அவனுக்கு நிச்சயம் ஆகி நின்றுபோயிருக்கிறது. ஏன் நின்றது? அது தெரியாமல் வெற்றிலை மாற்ற முடியாது.

அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஆனால் சொந்தத்தில் விசாரித்தால் பொழுது சாய்வதற்குள் விஷயம் பையன் வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் கோட்டை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடலுக்குப் போய்ப் பிழைத்தவன். நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டச்சு செய்கிறவளும் சங்கீதாதான், அவளுடைய பயணப் பக்கத்தில் போடுவதற்கு.

காலை ஏழு மணிக்கு டவுன் பஸ் ஏறினோம். சிதம்பரம் வர முக்கால் மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கடலூர் பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ரோட்டு வேலை நடந்தால் கூடுதலாகும். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், முதுநகர் தாண்டித் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து கெடிலம் பாலத்தைக் கடந்து மஞ்சக்குப்பம் வழியாகக் கடற்கரைக்கு இன்னொரு டவுன் பஸ். சில்வர் பீச் என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். கோட்டை என்று கேட்டால் "எந்தக் கோட்டை?" என்பார்கள்.

பீச்சில் இறங்கும்போது மணி பத்தரை. நாலைந்து ஆட்டோ நின்றன. முதல் ஆட்டோக்காரர் ஐம்பது வயதுக்காரர், பெயர் செல்வம். கோட்டைக்குப் போகணும் என்றதும் எங்களை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். இரண்டு பேரும் இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கோதண்டம் நெற்றி நிறையச் சந்தனம் வேறு.

"எந்த ஊரு மாமா?"

"கிள்ளை" என்றான் கோதண்டம். சிதம்பரம் என்று சொல்லடா என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தேன்.

"கிள்ளைலேருந்து கோட்ட பாக்க வந்தீங்களா? சரி, ஏறுங்க. ஒரு செங்கல் வுடாம காட்டுறேன்." சுற்றிக் காட்ட முந்நூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம்.

கோட்டை பெரிதாக நிற்கும் என்று நினைத்து யாரும் போகாதீர்கள். செஞ்சி மாதிரி எதுவும் இல்லை. கெடிலம் கடலில் சேருகிற பக்கத்தில், சீமைக்கருவேலத்துக்கு நடுவே, உடைந்த சுவர்கள் துண்டு துண்டாக நிற்கின்றன. செங்கல் நம் காலத்துச் செங்கல்லைவிடத் தட்டை. சுண்ணாம்புச் சாந்து இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது. மேட்டில் ஏறி நின்றால் ஆறு, உப்பங்கழி, படகுகள், கடல் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கோட்டை கட்டியவன் இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறான். பின்னால் பிரெஞ்சுக்காரன் வந்து இடித்துப் போட்டானாம். சுரங்கம் இருக்கிறது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. சில பகுதிகள் பக்கத்துக் கட்டிடங்களின் காம்பவுண்டுக்குள் வருகின்றன, கேட்டுவிட்டு நுழையுங்கள்.

செல்வம் ஒரு கதை சொன்னார். செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாவிடம் வெள்ளைக்காரன் இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கும்போது, சுற்றி எவ்வளவு நிலம் என்ற பேச்சு வந்ததாம். கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது, குண்டு எதுவரை போகிறதோ அதுவரை வெள்ளைக்காரனுக்கு என்று முடிவானதாம். குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்று இன்றைக்கும் பெயர் இருக்கிறது.

"அரை செண்டு மனைக்கு நம்மூர்ல சர்வேயரு நாலு தடவ வர்றாரு. இவன் பீரங்கிய வெச்சே அளந்துட்டானே" என்றான் கோதண்டம்.

நடுநடுவே நான் நூல் விட்டுப் பார்த்தேன். "இந்த ஊர்ப் பசங்கல்லாம் எப்படி தம்பி? குடி ஜாஸ்தியா?"

"எல்லா ஊர்லயும் இருக்குறதுதான் மாமா. உங்க ஊர்ல எப்படி? பொம்பளப் புள்ளைங்கள வேலைக்கு அனுப்புறாங்களா?"

"அனுப்புறாங்க. என் பேத்தியே சிதம்பரத்துல ஆஸ்பத்திரில நர்சு."

"அப்படியா?" என்றவர், ஒன்றும் தெரியாதவர் மாதிரி அடுத்த சுவரைக் காட்டக் கூட்டிப் போனார். அதன் பிறகு இன்னொரு சுவர். பிறகு உப்பலவாடி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், "குண்டு இங்கதான் வுழுந்துச்சு" என்று வெறும் மணலைக் காட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. முந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு காட்டுகிற ஆட்டோக்காரரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து பீச் ஓரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். செல்வம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோதண்டம் கடைக்கார அம்மாவிடம் குரலைத் தணித்து, "முதுநகர்ல இஞ்சின் பட்டற வெச்சிருக்குதே இந்த ஊருப் புள்ள, அது எப்படிம்மா?" என்றான்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "அவனயா கேக்குறீங்க? அவனோட தாய்மாமனத்தான் காலைலேருந்து கூட்டிக்கினு சுத்துறீங்களே!"

கோதண்டம் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். செல்வம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாமா. இஸ்திரி வேட்டியோட இடிஞ்ச செவுத்த பாக்க யாரு வர்றா? கிள்ளைன்னதும் புரிஞ்சி போச்சி. நீங்க எங்கள பாக்க வந்தீங்க, நான் உங்கள பாத்தேன். வெயில்ல அலைய வுட்டா மனுஷன் கொணம் தெரியும்னுதான் உப்பலவாடி வரைக்கும் ஓட்டுனேன்."

"தெரிஞ்சுதா?" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்த சலிச்சிக்கல. இந்த மாமா மட்டும் மூணு தடவ தண்ணி கேட்டாரு."

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? நேராகவே கேட்டேன். "நிச்சயம் ஏன் நின்னுச்சு?"

செல்வம் சிரிப்பை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு இப்ப வேற ஊர்ல வாழப் போயிருக்கு மாமா. அத பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். எங்க பையன் மேல தப்புன்னு நீங்க நெனச்சாலும் சரி."

"காரணம் சொல்லாம எப்படிப்பா பொண்ணு குடுக்கறது?" என்று கோதண்டம் எகிறினான்.

"குடுக்காதீங்க. நாளைக்கு உங்க பொண்ணு விஷயம் பாதில நின்னாலும், கேக்க வர்றவன்கிட்ட இதேதான் சொல்லுவேன்."

முந்நூறு ரூபாயை வாங்க மறுத்தார். "சம்பந்தம் ஆவுதோ இல்லியோ, சவாரி சவாரிதான்" என்று அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் முதுநகர் வரும்வரை கோதண்டம் வேட்டியில் ஒட்டின முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிறகு, "காலைலேருந்து காஞ்சோம். ஒரு பதிலும் வாங்கல" என்றான்.

"வாங்கியாச்சு மச்சான்."

எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏழெட்டு வரன் நான் விசாரித்திருக்கிறேன். எவர் என்ன சொன்னார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். நின்றுபோன நிச்சயத்தைப் பற்றிக் கேட்டால், பையன் வீட்டார் முதலில் எடுப்பது அந்தப் பெண்ணின் பெயரைத்தான். அவள் அப்படி, அவள் இப்படி. கேட்கிறவன் தலையாட்டுவான், தங்கள் பையன் சுத்தமாகிவிடுவான். செல்வத்துக்கும் அது ஒரு வார்த்தையில் முடிகிற வேலை. அவர் செய்யவில்லை. எங்கள் பெண் போகிற வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் போதும் என்று எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சங்கீதாவிடம் அப்படியே சொன்னேன். "மாமன் நல்லவரு, சரி. நான் கட்டிக்கப் போறது அவர இல்லியே தாத்தா. பையன்கிட்ட நானே கேக்குறேன். அந்தக் கோட்டைக்கே வரச் சொல்லுங்க" என்றாள். சொல்லி அனுப்பினேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறான்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். டிக்கெட் எதுவும் எங்களிடம் கேட்கவில்லை. மார்கழி, தை நல்ல மாதம். பத்து மணிக்குள் பார்த்து முடியுங்கள், அங்கே நிழல் கிடையாது. முள் இருக்கிறது, செருப்பு கெட்டியாக இருக்கட்டும். தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். வரன் விசாரிக்கப் போகிறவர்கள் கைலி கட்டிக்கொண்டு போங்கள்.

சங்கீதாவுக்கும் இதையேதான் சொன்னேன். பத்து மணிக்கு மேல் என்றால் குடை வேண்டும் என்றேன். வீட்டில் இருக்கிற இரண்டையும் எடுத்து வைத்தாள். ஒன்று போதும் என்றேன். அந்த வரியை மட்டும் தட்டச்சு செய்ய மாட்டேன் என்கிறாள்.