தூணுக்கு இரும்புச் சட்டை

மேம்பால வேலைக்காரர்கள் அவளைச் சிமெண்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தூணைச் சுற்றி இரும்புத் தகடு பற்றவைத்ததும், இரண்டுக்கும் நடுவிலுள்ள விரலகல இடைவெளியில் சிமெண்டுக் குழம்பைக் குழாய் வழியாக ஏற்றுவது அவள் வேலை. உள்ளே காற்று தங்கிவிட்டால் தகடு வெறும் அலங்காரம். முந்தின வருஷம் அதே பாலத்தின் தூண் ஒன்று லாரி மோதி நொறுங்கி, மேலே போன பஸ் கீழே விழுந்திருந்தது. அதற்குப் பிறகுதான் இந்த வேலையே வந்தது.

அவள் கணவனும் சரக்கு லாரி ஓட்டுகிறவன்தான். “எனக்கு ஒரு பட்டன் வைக்க நேரமில்ல, தூணுக்குச் சட்டை தைக்கிறா” என்று தன் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பான். மாமியாரும் சேர்ந்துகொள்வார்.

ஒரு மழை நாள் மத்தியானம், அவன் சரக்கேற்றிக்கொண்டு திரும்பும்போது முன் டயர் வெடித்து, அவள் முடித்துக்கொடுத்த தூண் ஒன்றிலேயே லாரி மோதியது. ஓட்டுகிறவன் உட்காரும் பக்கம் மடங்கி உள்ளே போய்விட்டது. ஆள் அங்கேயே முடிந்துபோனான். தூணில் தகடு கொஞ்சம் குழிந்ததோடு சரி. மேலே பஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வேலைக்குத் திரும்பியதும் என்ஜினியரைத் தனியாகப் பார்த்தாள்.

“தூண் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தா அவரு பிழைச்சிருப்பாரா சார்?”

“விட்டுக்கொடுத்திருந்தா மேல போனவங்களும் போயிருப்பாங்கம்மா. அவரு பிழைச்சிருப்பாருன்னு என்னால சொல்ல முடியல.”

வண்டியைத் திருப்பிவிடும் தடுப்புச்சுவர் ஒன்றைச் சாலையோரம் கட்டச்சொல்லித் தான் கேட்டதாகவும், மேலிடம் கைவிரித்துவிட்டதாகவும் அவர் முனகினார்.

குழிந்த தகட்டை மாற்றும் வேலைக்கு வேறு ஆளை அனுப்பலாம் என்றார்கள். அவள் விடவில்லை. புதுத் தகட்டுக்குள் சிமெண்டு ஏற்றி, அது இறுகியபின் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். எங்காவது காற்று தங்கிப் பொள்ளலாக ஒரு சத்தம் வராதா என்றிருந்தது. வரவில்லை.

மாமியார் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அழைத்துவரப் போன இவளிடம் நாத்தனார்தான் வாசலுக்கு வந்து பேசினாள்.

“அம்மாவுக்கு உங்க மேல கோபமெல்லாம் இல்ல அண்ணி. உங்களப் பார்த்தா சோறு இறங்க மாட்டேங்குது, அவ்வளவுதான்.”

உள்ளே மாமியார் இருமுவது கேட்டது. மாமியார் விட்டுப்போயிருந்த மாத்திரைப் பையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலேயே திரும்பினாள்.