இருபத்து நான்காம் போர்ட்டையும் சேர்த்துப் பூட்டிய அன்று

அப்பன் முருகனை நம்பி நடக்கும் நம் பாதயாத்திரைக் குழுச் சொந்தங்களுக்கு, பழனி அடிவாரத்து முத்துச்செல்வி எழுதுகிறேன். கூட்டத்தில் பேசச் சொன்னால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. கொடைக்கானலில் ஒரு லாட்ஜின் நெட்வொர்க் முழுவதையும் நான் ஒரே ஒரு பட்டனை அமுக்கி முடக்கிவிட்டேன். ஓடிப்போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். சத்தியமாக.

அது நான் தனியாக எடுத்த முதல் பெரிய வேலை. கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலைக்குப் பெண்ணைக் கூப்பிட இந்தப் பக்கத்தில் இன்னும் தயங்குகிறார்கள். "பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்று என் காதுபடவே கேட்டவர்கள் உண்டு. இந்த வேலை கெட்டால் அடுத்த வேலை எனக்குக் கிடைக்காது. அது நிச்சயம்.

லாட்ஜ் முதலாளி நம் பழனிக்காரர். பஞ்சாமிர்தக் கடை வைத்து மேலே வந்தவர். என்னை அவர் கூப்பிட்டதற்குக் காரணம் இதுதான். அதற்கு முந்தின வாரம், ஏழாம் அறையில் தங்கியிருந்த ஒரு பெண் தன் தங்கையோடு ஆடிய வீடியோவை டிவியில் போட்டுப் பார்க்க நினைத்திருக்கிறாள். அது எட்டாம் அறை டிவியில் ஓடியிருக்கிறது. அங்கே இருந்தவர்கள் நான்கு ஆண்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள்.

"இனிமே ஒரு பொம்பளப் புள்ள என் லாட்ஜுல அழக்கூடாதும்மா. அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க" என்றார் முதலாளி.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். ஒவ்வோர் அறையின் வைஃபை பெட்டியிலிருந்தும் வயர் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில், பிரைவேட் விலேன் (VLAN) என்ற தடுப்பைப் போட வேண்டும். போட்டால் ஒவ்வொரு அறைக்கும் வெளிவாசல் வழி உண்டு, பக்கத்து அறைக்குள் எட்டிப் பார்க்க வழி கிடையாது. வெளிவாசல் என்பது ரவுட்டர். ஸ்விட்சில் அதன் வயர் செருகியிருக்கும் துளை, அதாவது இருபத்து நான்காம் போர்ட், மட்டும் எல்லா அறைகளோடும் பேசலாம். ரிசப்ஷனும் ஆபீசும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். கச்சிதமான ஏற்பாடு.

ஸ்விட்ச் இருந்தது மாடிப்படிக்குக் கீழே, கம்பளி அடுக்கும் அறையில். முதலாளி ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "ஒண்ணாம் நம்பர்ல மட்டும் கை வைக்காதீங்க. அது அப்பனோடது." அந்த லாட்ஜில் முதல் அறை பூஜை அறை. யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. அறை நம்பர்தான் போர்ட் நம்பர் என்பதால் ஸ்விட்சின் முதல் போர்ட்டிலும் வயர் செருகாமல், பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். முருகனுக்கு இன்டர்நெட் எதற்கு என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். தப்புதான். இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, இரண்டிலிருந்து ஆரம்பித்தேன்.

ரிசப்ஷனில் லேப்டாப்பை மாட்டி உட்கார்ந்தேன். இரண்டு முதல் இருபது வரை அறைகள். அவற்றை மட்டும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். கைவேகத்தில் இரண்டு முதல் இருபத்து நான்கு வரை டிக் செய்து பட்டனை அமுக்கினேன். அந்த ஸ்விட்சில் மாற்றுவதும் சேமிப்பதும் ஒரே பட்டன். வெளிவாசலையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன். நான் உட்கார்ந்திருந்த ரிசப்ஷன் போர்ட்டும் பூட்டிக்கொண்டது. ஸ்விட்சுக்குள் திரும்பப் போக எனக்கே வழியில்லை.

"மேடம், நெட் போயிருச்சு. புக்கிங் சிஸ்டம் ஓப்பனே ஆகல" என்றாள் ரிசப்ஷன் ஸ்டெல்லா. "பன்னெண்டு மணிக்கு ஒட்டன்சத்திரம் குரூப் செக்-இன். ரெண்டு வேன் வருது."

ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டேன். சேமித்த தப்பு அப்படியே எழுந்து உட்கார்ந்தது. நேரடியாக உள்ளே போக உதவும் கன்சோல் கேபிளைப் பழனியில் இன்னொரு வேலையிடத்தில் விட்டிருந்தேன். ரீசெட் செய்தால் பழைய ஆட்கள் எழுதி வைத்த டெலிபோன், கேமரா அமைப்பெல்லாம் அழிந்துவிடும். அதற்கு நகல் எடுக்காமல் விட்டதும் என் திமிர்தான்.

அப்போது ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. 'ஸ்விட்ச் எரிந்துவிட்டது, புதுசு வாங்க வேண்டும்' என்று சொன்னால் முதலாளி நம்பிவிடுவார். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

கம்பளி அறைக்குள் போய்க் கண்ணை மூடினேன். "முருகா, தப்பு என்னுடையது. வழி இருந்தால் காட்டு. இல்லாவிட்டாலும் என்னைப் பொய் சொல்ல விடாதே." இவ்வளவுதான் கேட்டேன். தேம்பித் தேம்பி அழுதுகொண்டுதான் கேட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். "ஐயா, ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன். எல்லா போர்ட்டையும் பூட்டிட்டேங்க."

அவர் முகம் மாறிவிட்டது. திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு. "ஏம்மா, ஒண்ணாம் நம்பரையுமா பூட்டிட்டீங்க?"

"இல்லைங்கய்யா, நீங்க சொன்னதால அதத் தொடவே..."

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. தொடாத போர்ட் என்றால் பழைய அமைப்பிலேயே இருக்கிற போர்ட்! ஸ்விட்சுக்குள் போக மிச்சமிருந்த ஒரே கதவு அதுதான். எனக்குத் தோன்றாததை, நெட்வொர்க்கில் ஆனா ஆவன்னா தெரியாத மனிதர் வாயால் என் அப்பன் சொல்லிவிட்டான்.

"ஐயா, அதுல ஒரே ஒரு தடவ வயரச் செருகிக்கட்டுமாங்க?"

"அப்பன்கிட்ட கேட்டுட்டுச் செருகுங்க. வெரசாப் போங்கம்மா."

அப்பனிடம் கேட்டுக்கொண்டே லேப்டாப்போடு கம்பளி அறைக்கு ஓடினேன். வயரைச் செருகினேன். லேப்டாப்பில் லாகின் பக்கம் வந்தது. முருகா, முருகா என்று சத்தமாகவே கத்தினேன். இருபத்து நான்கை எல்லோரோடும் பேசும் போர்ட்டாக மாற்றினேன். ரிசப்ஷனையும் ஆபீசையும் ஒரு குழுவில் சேர்த்தேன். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்டெல்லா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

பிறகு அவளை ஏழாம் அறைக்கு அனுப்பிவிட்டு நான் எட்டில் போய் நின்றேன். அவள் போனில் போட்ட பாட்டு அவள் அறை டிவியில் மட்டும் ஓடியது. என் போனுக்கு அப்படி ஒரு டிவி இருப்பதே தெரியவில்லை. ஒவ்வோர் அறையாக, பத்தொன்பது அறையையும் சோதித்தேன். பிரமாதமான வேலை. என் வேலையை நானே சொல்லாவிட்டால் யார் சொல்வது?

வேனில் வந்த குடும்பத்துப் பெரியவரிடம் முதலாளி என்னைக் காட்டி, "எங்க நெட்வொர்க் இன்ஜினியரு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மெஷின் போச்சு, வயர் போச்சுன்னு எத்தனையோ பேரு கத விட்டுருக்காங்க. தப்பு என்னோடதுன்னு வந்து நின்ன மொத ஆளு நீங்கதாம்மா" என்றார். இப்போது அவர் சொல்லி, கொடைக்கானலில் இன்னும் நான்கு லாட்ஜ்களின் ஸ்விட்சுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. நகல் எடுக்காமல் எந்த ஸ்விட்சையும் தொடுவதில்லை. தப்புச் செய்தால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

சொந்தங்களே, உங்கள் தொழிலில் முட்டுச்சந்தில் நின்றால் அவனைக் கூப்பிடுங்கள். இந்த வேலையெல்லாம் அவனுக்கு எங்கே புரியும் என்று நான் நினைத்தது போல நினைத்துவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி அவனிடம் சொல்லுங்கள். அந்த லாட்ஜில் இந்த சீசனிலும் பெண்கள் ஆடிப் பாடி வீடியோ எடுத்து டிவியில் போட்டுச் சிரிக்கிறார்கள். பக்கத்து அறைக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதைச் செய்தவள் நான். என்னைச் செய்ய வைத்தவன் என் அப்பன்.