பால் பைதனும் ஒரு கிண்ணம் பாலும்

போன ஞாயிறு மாலை நீங்கள் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்திருக்க வேண்டும்! ஒரு கண்ணாடித் தொட்டி. அதைச் சுற்றி மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று பேர் — நான், மனைவி கமலா, சந்தியில் கடை வைத்திருக்கும், ஊருக்கே அண்ணன்முறையான ரியாஸ் நானா. கிரிக்கெட் மேட்ச்சின் கடைசி ஓவரைக்கூட நாங்கள் இப்படிப் பார்த்ததில்லை.

தொட்டிக்குள் ஒரு பாம்பு. பெயர் சிங்காரி.

என்னுடையது இல்லை, சாமி! கமலாவின் தம்பி ரகு எங்கள் மாடியில்தான் இருக்கிறான். வெளிநாட்டு மலைப்பாம்புக் குட்டி ஒன்றை முறையான அனுமதியோடு வளர்க்கிறான். வேலை விஷயமாக மாலைதீவுக்குப் புறப்பட்டவன், அதை எங்கள் தலையில் கட்டிவிட்டான்.

"விஷமில்லாத பாம்பு அத்தான், பயப்படாதீங்க. அதுதான் உங்களைப் பார்த்துப் பயப்படும். ஆனா கொஞ்ச நாளாவே சரியா சாப்பிடல்ல. குட்டிதானே, இனியும் பட்டினி கெடந்தா தாங்காது..."

சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. அடுத்தவன் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதே பெரிய பொறுப்பு. இது பாம்புப் பிள்ளை வேறு!

விமான நிலையத்திலிருந்து கமலாவுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினான். 'அக்கா, சிங்காரி பால் பைதன். கவனம். சாப்பாடு மாடி ஃப்ரிஜ்ஜில் இருக்கு.'

கமலா மாடி ஃப்ரிஜ்ஜைத் திறந்தாள். கதவோரத்தில் ஒரு பால் பாக்கெட். அப்புறமென்ன? கிண்ணத்தைக் கழுவி, விளிம்பில் பொட்டு வைத்து, பாலை ஊற்றித் தொட்டிக்குள் வைத்துவிட்டாள். அன்று வெள்ளிக்கிழமை வேறு!

"பாம்பு பால் குடிக்குமா கமலா?"

"ஏங்க, அவனே எழுதியிருக்கான்ல, பால் பைதன்னு! கோயில் புத்துல ஊத்துறது பின்ன எதுக்காம்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். சிங்காரியும் வாயைத் திறக்கவில்லை. கிண்ணத்தின் மேல் ஊர்ந்து பாலைக் கவிழ்த்துவிட்டு, மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது. மறுநாள் கமலா ஒரு முட்டையும் வைத்துப் பார்த்தாள். அதையும் சட்டை செய்யவில்லை.

ஞாயிறு காலை எதேச்சையாக அந்த ஃப்ரிஜ்ஜின் மேலிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பிடித்த ஒரு டப்பா. உள்ளே... வெள்ளை எலிகள்! பாம்புக்காகவே சுத்தமாக வளர்த்து, உறையவைத்து விற்பவை. அப்படியானால் அந்தப் பால்? ரகுவின் டீக்கு வாங்கியது!

ரகுவுக்கு அழைத்தேன். லைன் போகவில்லை. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஓர் எலியை ஐஸ் இளக வைத்து, இடுக்கியால் பிடித்து நீட்டினேன். சிங்காரி அதை ஒரு கூழாங்கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் தம்பி வந்து கேட்டா என்னங்க சொல்றது?"

மாலையில் சேதி கேள்விப்பட்டு வந்து நின்றார் ரியாஸ் நானா. கையில் எலிப்பொறி. பொறிக்குள் கன்னங்கரேலென்று ஓர் எலி, துள்ளிக் குதித்துக்கொண்டு.

"சேர், பாவம், பாம்பு பட்டினியாமே! உசிரோட ஒன்டு புடிச்சிக்கொண்டு வந்தீக்கிறன். போடுங்க, திங்கட்டும்!"

இதுவல்லவோ அயலவர் பாசம்! தொட்டி மூடியைத் திறந்தேவிட்டேன். பொறியைச் சரித்துப் பிடித்தபடி நானா பெருமையாகச் சொன்னார்: "கெட்டிக்கார எலி சேர் இது. மூணு நாளா மருந்து வெச்சன். எல்லாத்தையும் திண்டுபோட்டும் சாவல்ல!"

மருந்தா? எலி மருந்தா?

"நானா, நில்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கமலா கட்டிலில் ஏறிவிட்டாள். நானா பொறியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சரியாக அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. ரகு! ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ அத்தான்! மருந்து தின்ன எலியைத் தின்னா பாம்பும் செத்துரும்! மருந்து இல்லாட்டியும் வெளி எலி வேணவே வேணாம், நோய் இருக்கும். உசிரோட போட்டா எலிதான் பாம்பைக் கடிச்சுக் குதறும்!"

"டேய், நீதானேடா பால்னு எழுதுன?" என்றாள் கமலா, கட்டிலில் நின்றபடியே.

"அக்கா... அது பந்து அக்கா! பயந்தா பந்து மாதிரி சுருளும். அதான் அந்தப் பேரு!"

அட! பந்துக்கான இங்கிலீஷ் சொல்லைக் கண்டியில் நாங்கள் 'போல்' என்போம். ரகு சென்னையில் படித்துவிட்டு வந்தவன், அவனுக்கு அது 'பால்'. ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஓர் உயிர் பட்டினி கிடந்திருக்கிறது!

"எலியைக் குளிரா குடுத்தீங்களா? அதான் தொடல்ல. அது வாய்ப்பக்கம் சூட்டை உணரும் அத்தான். ஐஸ் போனதும் பையில கட்டி, சுடுதண்ணியில வச்சுக் குடுங்க. மைக்ரோவேவ் வேணாம்! அது உடம்புத் தடிமனுக்கு மேல பெரிய எலியும் வேணாம்."

டப்பாவிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து அப்படியே செய்தோம். சுடுதண்ணீர் கொண்டுவந்தது கமலா. பொறியை வெளியே வைத்துவிட்டு வந்து டோர்ச் பிடித்தது நானா. இளஞ்சூடான எலியை இடுக்கியால் மெல்ல அசைத்தேன். சிங்காரி தலையைத் தூக்கியது. நாக்கு ஒரு தடவை, இரண்டு தடவை... சடக்! கண் இமைப்பதற்குள் எலி சுருளுக்குள் இருந்தது!

"அல்லாஹ்! புடிச்சிட்டு சேர், புடிச்சிட்டு!" நானா என்னைக் கட்டிக்கொண்டார். பாம்பைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கும் கமலா கைதட்டிச் சிரித்தாள். ஃபோனில் ரகு அழுதானா சிரித்தானா தெரியவில்லை.

ஒன்று கவனித்தீர்களா? மூன்று பேருமே பாசத்தோடுதான் பரிமாறினோம். கமலாவுக்குத் தெரிந்தது பால், எனக்குத் தெரிந்தது ஐஸ் எலி, நானாவுக்குத் தெரிந்தது கடை எலி. சாப்பிடப் போகிறவருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று யாரும் விசாரிக்கவில்லை. விருந்தாளிக்குச் சீனி வியாதி என்று தெரியாமல் பாயாசத்தை ஊற்றி ஊற்றிக் கொடுக்கிறோமே, அந்தப் பாசம்தான் இதுவும்.

பாம்புக்குப் பால் வார்த்தாலும் விஷத்தைத்தான் கக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் பாலை வார்த்ததும் நாங்கள், விஷத்தைக் கொடுக்கப் பார்த்ததும் நாங்கள் — பழமொழி மட்டும் பாம்பின் மேல்!