கதவைச் சாத்திக்கொண்டவர்

கொடைக்கானல் ஓட்டல் ஒன்றுக்கு வந்த வெளிநாட்டு இயந்திரங்களைப் பைன் மரப்பெட்டிகளோடு ஏற்றிப் போக, தாடிக்கொம்பு சாலையில் ஒரு குடோனுக்கு லாரியோடு போயிருந்தேன். சுமை தூக்கும் ஆட்களோடு உள்ளே நுழைந்ததும் ஒல்லியான ஒரு அம்மா கதவைத் தாழிட்டார். பூச்சி ஆய்வாளராம். பெட்டிப் பலகையில் ஒட்டியிருந்த மரப்பட்டைக்குள் வண்டு இருந்ததாம். அது காற்றில் பறந்துவிடக் கூடாதென்று ஃபேனையும் நிறுத்திவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவரோ ஒவ்வொரு வண்டாகப் புரட்டி, லென்ஸ் வைத்து அதன் பின்பக்கத்தையே பார்த்தார்.

“மொகத்தப் பாக்க மாட்டீங்களா மேடம்?”

“மொகம் எல்லாம் ஒண்ணுபோலத்தாண்ணே. பின்னாடி முள்ளு முள்ளா இருக்கு பாருங்க. இந்த வகையே நம்ம நாட்டுது இல்ல. பைன் மரத்தத்தான் திங்கும்.”

“இங்க ஏது பைன் மரம்? பட்டினியிலயே செத்துரும். என்னைய விட்ருங்க.”

“நீங்க எங்க போறீங்க?”

மலைக்கு. அங்கே பைன் காடே இருக்கிறது.

சாயங்காலம் எங்கள் காலர், கைமடிப்பு எல்லாம் தட்டிப் பார்த்து ஒவ்வொருவராக வெளியே விட்டார். அவர் மட்டும் உள்ளேயே நின்றார்.

“நீங்க வரலையா மேடம்?”

தன் கொண்டையைத் தொட்டுக் காட்டினார். “இத யாருண்ணே பாக்குறது?”

வெளியே நின்ற நாங்கள் எல்லோரும் ஆண்கள். அவர் கதவை மறுபடி சாத்திக்கொண்டார். வெறும் லாரியை நான் கிளப்பியபோதும் அந்தக் கதவு திறந்தபாடில்லை.